பாட்டன் ஊர் தெரியாத நாம்

பெக்கான் நானாஸ் சாலையோரக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் அன்னாசிகளில் ஜோசபின் என்று ஒரு வகை உண்டு. கைக்கு அடக்கமான பழம். பழுத்தால் தோல் சிவந்து, வாசம் தூக்கலாக இருக்கும். ஜோகூர் என்ற வகையையும் சரவாக் என்ற வகையையும் கலந்து மார்டி ஆராய்ச்சி நிலையம் இதை உருவாக்கி 1996-ல் வெளியிட்டது. தாய் வகை எது, தந்தை வகை எது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அன்னாசிக்கென்றே இந்த ஊரில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஒரு பழத்தின் பூர்வீகத்தைக் கேட்டால் பதில் கிடைக்கும் இந்த ஊரில், நம் வீட்டுப் பிள்ளையை நிறுத்தி, "உன் பூட்டன் பேர் என்னப்பா? எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்தியாவிலிருந்து" என்பான். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவன் "சேலம் பக்கம்", "திருச்சி பக்கம்" என்பான். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நமக்கே தெரியவில்லை; தெரிந்தவர்கள் நம்மோடு ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தில் நாம் கேட்கவுமில்லை.

ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் வழியில், கூனோங் பூலாய் மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் இது. சீனர்கள் பெரும்பான்மை; கம்போங்குகளில் மலாய்க்காரர்கள்; நாம் எண்ணிக்கையில் குறைவு. ஒரு தோட்டம் கைமாறி, ஒரு தோட்டத்தில் கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டு, இன்னொன்றை வீடமைப்புத் திட்டம் விழுங்கி, இப்படித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறி வந்து சேர்ந்த குடும்பங்கள்தான் ஜோகூர் முழுக்க நம்மில் அதிகம். கூலாயில் பிறந்த தகப்பன், ரெங்கத்தில் பிறந்த தாய், பெக்கான் நானாஸில் பிள்ளை, சிங்கப்பூரில் வேலை. இந்த நான்கு இடங்களும் நமக்கு மனப்பாடம். அவற்றுக்கு முந்திய ஓரிடம் மட்டும் விட்டுப்போய்விட்டது.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் செங் மெங் வரும். அந்த நாட்களில் காலையிலேயே சீனக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகத் திரண்டு கல்லறைக்குப் போவதைப் பார்க்கிறோம். புல் செதுக்கி, எழுத்துகளுக்கு மறுபடி சிவப்பும் பொன்னிறமும் பூசுவார்கள். அந்தக் கல்லில் இறந்தவர் பெயரோடு சீனாவில் அவருடைய பூர்வீக மாவட்டத்தின் பெயரும் வெட்டியிருக்கும். இங்கே பிறந்து, இங்கேயே செத்து, அந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காதவர் கல்லிலும் அது இருக்கும். நன்யாங் என்று அவர்கள் சொல்லும் இந்தப் பக்கத்துக்கு வந்து நூறு வருடமானாலும் அதை அவர்கள் விடவில்லை. அவர்கள் நம்மைவிட வசதியாக வந்தவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஈயச் சுரங்கத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் கடன்பட்டுக் கூலியாக வந்தவர்கள் அவர்களிலும் ஏராளம்.

நம் மயானத்துக்குப் போய்ப் பாருங்கள். புதுக் கல்லறைகளில் பளிங்கு, கலர்ப் படம், தோற்றம், மறைவு, பேரன் பேத்திகள் வரை பெயர்கள். பிறந்த ஊர் இருக்காது. முன்னோர் ஊரும் இருக்காது. உள்ளே போகப் போகக் கல் சிறுக்கும். கடைசி மூலையில் லாலாங் புல் மட்டும் நிற்கும். மண் மேடு அமுங்கிப்போன அந்த இடத்தில் கிடப்பவர்கள்தான் கப்பலில் வந்தவர்கள். யார் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய கடைசி ஆளையும் பல இடங்களில் புதைத்தாகிவிட்டது.

ஆடி அமாவாசைக்கு நம்மில் பலர் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போய் முன்னோர்க்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். ஐயர் கேட்பார்: "அப்பா பேர் சொல்லுங்க." சொல்லுவோம். "தாத்தா பேர்?" அதையும் சொல்லுவோம். "தாத்தாவோட அப்பா பேர்?" அங்கே வாய் நின்றுவிடும். அம்மா வழியில் இன்னும் சீக்கிரம் நிற்கும். பாட்டியை "பாட்டி" என்றும் "அம்மாயி" என்றும் கூப்பிட்டோமே தவிர அவருக்கென்று ஒரு பெயர் இருந்ததைக் கேட்டு வைக்கவில்லை. "பரவாயில்லைங்க, மனசுல நெனச்சுக்குங்க" என்று ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுவார். கூட்டம் நிறைய, அவருக்கு நேரமில்லை. வரிசையில் அடுத்து உட்காருபவரும் அதே இடத்தில்தான் நிற்பார். வருடா வருடம் இது நடக்கிறது. வீடு திரும்பி, உயிரோடிருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டு அந்தப் பெயரைக் கேட்டு எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நமக்கு வசமான சமாதானம் ஒன்று உண்டு: வெள்ளைக்காரன் எழுதி வைக்கவில்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதியைச் சரியாகச் சொல்லிவிடுவோம்.

மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போன நம்மவர்கள் சஞ்சிக்கூலிகளாக, ஆளுக்கொரு ஒப்பந்தத்தில் போனார்கள். அதனால் ஆளுக்கொரு பதிவு விழுந்தது. பிஜிக்குப் போனவரின் குடியேற்றச் சீட்டில் அவர் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் வரை இருக்கும். 1860 நவம்பர் 16-ல் மதராசிலிருந்து டர்பனில் போய் நின்ற ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேருக்கும் பட்டியல் உண்டு. மொரிஷியசில் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் சஞ்சிக்கூலிகளின் ஆவணங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அங்கே போய்ப் பூட்டனின் எண்ணைத் தேடி எடுக்கிறார்கள்.

மலாயாவுக்கும் சஞ்சிமுறை இருந்தது. வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் வந்தார்கள். அது 1910-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் கித்தா பெருகிய காலத்தில் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை கங்காணி மூலம் வந்தவை. துரையிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு கங்காணி தன் ஊருக்கே போவார். உறவு, அக்கம்பக்கம், கடன்பட்டவர் என்று ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினம் டிப்போவிலோ சென்னைக்கு அருகே ஆவடி டிப்போவிலோ தங்கவைத்துக் கப்பலேற்றுவார். 1907-ல் உருவான குடியேற்ற நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது. தொழிலாளிக்கும் தோட்டத்துக்கும் இடையே தனித்தனி எழுத்து ஒப்பந்தம் கிடையாது. சஞ்சிக்கட்டிலிருந்து அது விடுதலைதான். ஆனால் அந்த விடுதலையோடு தகப்பன் பெயரும் கிராமமும் எழுதிய சீட்டும் இல்லாமல் போயிற்று. 1938-ல் இந்திய அரசு கூலியாள் அனுப்புவதைத் தடைசெய்தபோது அந்த ஏற்பாடே முடிந்தது. அதற்குப் பிறகு சொந்தக் காசில் வந்தவர்கள் ரஜூலா போன்ற கப்பல்களில் தளத்தில் பாய் விரித்து வந்தார்கள். ரஜூலாவை 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் கம்பெனி கட்டியது என்பதை எவரும் எடுத்துப் பார்த்துவிடலாம். அதில் வந்த நம் பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறினாரா, மதராசில் ஏறினாரா என்பதை நம் வீட்டிலேயே யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, பதிவு குறைவு என்பது மெய். ஆனால் பதிவு அழிந்துபோன இன்னொரு கூட்டம் என்ன செய்தது என்று பார்த்தால் நம் சமாதானம் நிற்காது.

ஸ்காட்லாந்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேற்றப்பட்டவர்களின் வம்சத்தார், 19-ஆம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். ஒரு கடல் தாண்டி வேரூன்றி, மறுபடி இன்னொரு கடல் தாண்டிய குடும்பங்கள். 1922 ஜூன் 30-ஆம் தேதி டப்ளினில் உள்நாட்டுப் போரில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்குகளும் ஏறக்குறைய முழுக்கச் சாம்பலாயின. அதற்குப் பிந்திய கணக்குகளையோ அரசே ஏற்கெனவே அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. 1901-க்கு முந்திய காலத்துக்கு அந்த மக்களிடம் முழுமையான கணக்கு ஒன்றுகூட இல்லை.

அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நிலவரிக்காக 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டுப் புத்தகத்தில் குத்தகைக்காரன் பெயரைத் தேடினார்கள். தேவாலய ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டினார்கள். ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து பின்னோக்கி நடந்தார்கள்: விக்டோரியாவில் 1853 முதல், நியூ சவுத் வேல்ஸில் 1856 முதல், இறப்புப் பத்திரத்தில் இறந்தவருடைய தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை வருடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுத வேண்டும். ஒரு சாவுப் பத்திரம் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடும். கிடைத்ததையெல்லாம் கிராமத்துப் பெண்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் சங்கம் வைத்துப் பிரதியெடுத்தார்கள். எரிந்த காப்பகத்தையே, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த நகல்களைக் கொண்டு டப்ளினில் மறுபடி கட்டியெழுப்பி, 2022 ஜூனில், எரிந்து நூறு வருடம் முடிந்த சமயத்தில், கணினி வழியே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

நமக்கு எந்தக் காப்பகமும் எரியவில்லை. எரித்தவர்கள் நாம்தான். இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

தோட்டத்து லயத்தில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அநேகமாக எல்லோர் வீட்டிலும் இருந்தது. அதற்குள் என்னென்ன கிடந்தன? ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ரசீதுகள். நீல நிற வான்கடிதங்கள். தாத்தாவின் சிவப்பு ஐசி. பழைய பாஸ்போர்ட். கல்யாணத்துக்கு மொய் எழுதிய நோட்டு. அந்த மணியார்டர் ரசீதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக் கிராணியோ எழுதத் தெரிந்த மண்டோரோ நிரப்பிக் கொடுத்தது. பணம் போய்ச் சேர வேண்டுமே என்று தபால்காரனுக்குப் புரியும்படி எழுதிய முகவரி: இன்னார் மகன் இன்னார், இந்தக் கிராமம், துறையூர் வழி, முசிறி தாலுக்கா, திருச்சி ஜில்லா. பூட்டன் பெயர், அவருடைய தகப்பன் பெயர், ஊர், தாலுக்கா எல்லாம் ஒரு துண்டுத்தாளில். பிஜியின் குடியேற்றச் சீட்டில் இருந்த விவரத்தில் முக்கால்வாசி அதில் இருந்தது. அரசாங்கம் எழுதாததை நம் ஆட்கள் தங்கள் பாசத்தால் எழுதி வைத்திருந்தார்கள்.

தோட்டம் மூடி வீடு மாறும்போது அந்தப் பெட்டியை என்ன செய்தோம்? கறையான் பிடித்தது என்று குப்பையோடு கொளுத்தினோம். தாத்தா செத்த வீட்டில், தீட்டு என்று அவர் பாயோடும் தலையணையோடும் தூக்கிப் போட்டோம். "பழைய பேப்பர்தானே" என்றோம். புது வீட்டுக்குப் புது சோபா வந்தது.

பெட்டியோடு போகாத பதிவுகளையும் நாம் காக்கவில்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பெரட்டுக்கு நின்ற ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி இருந்தன. பள்ளி மூடியபோதும் இடம்மாறியபோதும் மேசை நாற்காலியைக் கணக்கெடுத்து ஏற்றிய நாம் அந்தப் பதிவேடுகளைக் கணக்கெடுக்கவில்லை. கோவில் கமிட்டிகளிலும் நாம்தான் இருந்தோம். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை வசூலித்துக் கோபுரத்துக்கு வர்ணம் அடித்தோம். அந்தக் கோவிலைத் தோட்டத்தில் முதலில் கல்லாக நட்டுக் கும்பிட்ட குடும்பங்கள் எவை என்று ஒரு நோட்டுப் புத்தகம் போடவில்லை. தமிழ் நேசன் 1924-ல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நிற்கும்வரை நம் சாவுச் செய்திகளையும் கல்யாணச் செய்திகளையும் அச்சிட்டு வந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டு ஜன்னல் துடைத்தோம்.

இங்கே சயாம் ரயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வம்சக் கொடி அறுந்த இடங்களில் பெரியது அது. 1942-லிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டார்கள். ஜப்பான்காரன் தோட்டந்தோட்டமாக லாரி கொண்டுவந்து ஆள் பிடித்தான். சினிமாக் காட்டுகிறோம், அரிசி தருகிறோம் என்று கூப்பிட்டு ஏற்றிப் போன கதைகளும் நம் வீடுகளில் உண்டு. பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆண் போன லயங்களில் பெண்டுகள் வேறு ஆளுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். பிள்ளைகள் சித்தப்பன் பெயரிலும் பக்கத்து வீட்டுக்காரன் பெயரிலும் வளர்ந்தன. போருக்குப் பிறகு பதிந்த பிறப்புப் பத்திரங்கள் பலவற்றில் இருக்கும் தகப்பன் பெயர், பெற்றவன் பெயராக இருக்க வேண்டுமென்பதில்லை.

காஞ்சனபுரியில் போர்க் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியர் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். பெயர், படைப்பிரிவு, வயது, தேதி. அல்ஸ்டரிலிருந்து போன குடும்பத்தின் பேரன் ஒருவன் அங்கே கிடந்தால், சிட்னியிலிருந்து வரும் கொள்ளுப்பேத்தி வரிசை எண் பார்த்து நேரே அந்தக் கல்லுக்குப் போய்ப் பூ வைக்கலாம். அதே தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்து, அதே காலராவில் செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. படை வைத்திருந்த நாடுகள் தங்கள் ஆட்களைத் தேடி எடுத்தன; நமக்கு அப்போது நாடு இல்லை என்பது சரி. ஆனால் 1957-க்குப் பிறகு? சயாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் எழுபதுகளில், எண்பதுகளில் நம் தெருவில் திண்ணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூடச் செத்தவர்களின் பெயரும் தோட்டமும் அவர்கள் நினைவில் இருந்தன. ஆர். சண்முகம் 1993-ல் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். எழுத்தாளர்கள் தங்கள் கடனைச் செய்தார்கள். தோட்டவாரியாக ஒரு பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டியது நம் கடன். அதை நாம் செய்யவில்லை.

கேட்காமல் இருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமென்று சொல்லிவிட்டால் அது முழு வாக்குமூலம் ஆகாது. சில வீடுகளில் பெரியவர்களே வாயைத் திறக்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "எந்தத் தெரு?" என்று வரும். அந்தத் தெருவிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் கப்பலேறினார்கள். கப்பலேறி வந்தவர்களில் பெரும்பகுதி நிலமற்றவர்கள்; ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊரை மறப்பது அவர்களுக்கு ஒரு விடுதலை. அந்த மௌனத்துக்கு நாம் மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மௌனத்தைத் தேவையாக்கியவர்கள் யார்? இந்த மண்ணுக்கு வந்த பிறகும் லயத்திலே தனி வரிசை, கோவிலிலே தனி இடம் என்று பிரித்தவர்களும், பெண் கேட்கும்போது மட்டும் ஊரையும் குலத்தையும் துருவித் துருவி விசாரித்தவர்களும் நம்மவர்களே. வம்சம் என்றால் சாதி என்று நாம் ஆக்கி வைத்தோம். அதனால் சொல்லக் கூசியவர்கள் சொல்லாமலே போனார்கள். பெருமைக்குச் சொன்னவர்கள் இல்லாத ஜமீன்தாரையெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டிலும் உண்மையான பூட்டன் தொலைந்தார். பட்டினியால் கப்பலேறிய ஒருவரை, அவர் பட்டினியோடும் அவர் சாதிக்கு இழைத்த கொடுமையோடும் சேர்த்து அறிந்துகொள்வதில் நமக்கு எந்தக் குறைச்சலும் இல்லை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்தவர்களைப் பாருங்கள். ரயில்வேயிலும் கச்சேரியிலும் கிராணி வேலைக்கு வந்தவர்கள். மானிப்பாய், வட்டுக்கோட்டை என்று பூர்வீகக் கிராமத்தை இன்றும் சொல்லுவார்கள். எஸ். துரைராஜசிங்கம் என்ற ஒரு தனிமனிதர், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையர்களின் நூறாண்டு வரலாற்றை 1867-லிருந்து 1967 வரை தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அவர்களுக்குப் படிப்பு இருந்தது, நமக்கு இல்லை என்ற பேச்சு எங்கள் தாத்தா காலத்துக்குப் பொருந்தும். பட்டதாரி, வழக்கறிஞர், டாக்டர், ஆசிரியர் என்று நம் வீடுகள் நிறைந்த பிறகு பொருந்தாது.

பெண்கள் பக்கம் இன்னும் மோசம். ஐசியில் நமக்கு ஏ/எல், ஏ/பி என்று தகப்பன் பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. குடும்பப் பெயர் நமக்கு வழக்கமில்லை. சீனனுக்கு நூறு தலைமுறையானாலும் ஒரே குடும்பப் பெயர். நமக்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் நூல் அறுந்து புது நூல் கட்டுகிறது. அதிலும் பாட்டியின் தகப்பன் பெயர், பாட்டி பிறந்த ஊர் என்பதெல்லாம் பாட்டி போனால் போச்சு. ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றை வயிற்றில் சுமந்துகொண்டு கடல் தாண்டிய பெண்ணை "உங்க தாத்தாவோட சம்சாரம்" என்று மட்டும் நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்முடையவை. பால்மரம் வெட்டி, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டு, திரும்பி வந்து உலை வைத்தவர் பெயரை எழுத நமக்கு ஒரு வரி இடமில்லாமல் போயிற்று.

இந்த அலட்சியத்துக்கு விலை இல்லையென்று நினைக்க வேண்டாம். பூர்வீகம் காட்டும் ஒரு தாள் இல்லாததால் குடியுரிமைக்கு அலைந்து, சிவப்பு ஐசியோடே செத்தவர்கள் நம் சுற்றத்தில் உண்டு. இன்று இந்தியாவின் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம் போட நினைக்கும் பிள்ளைகளிடம், முன்னோர் இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு ஆவணம் கேட்கிறார்கள். அப்போதுதான் எல்லோரும் தகரப் பெட்டியைத் தேடுகிறோம். குலதெய்வம் எது என்று சோதிடர் கேட்கும்போதும் தேடுகிறோம். ஊருக்கே போய்ப் பார்ப்போம் என்று தமிழ்நாட்டில் இறங்கி, கையிலிருப்பது "புதூர், திருச்சி ஜில்லா" என்ற இரண்டே சொல்லாக இருந்து, எத்தனையோ புதூர்களில் எது என்று தெரியாமல் மலைக்கோட்டையும் சமயபுரமும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அங்கே அ-பதிவேடும் பட்டாவும் நிலம் வைத்திருந்தவனைத்தான் சொல்லும். நம் பூட்டனுக்கு நிலம் இல்லை. அவர் பெயர் நிலைத்திருக்கக்கூடிய இடங்கள் நம் வாயும் நம் பெட்டியும்தான்.

ஆனாலும் முழுக்கக் கைவிட்டுப் போகவில்லை. கோலாலம்பூரில் ஆர்க்கிப் நெகாராவிலும், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் குடியேற்றம் பற்றிய கோப்புகள் இருக்கின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து வருகிறார்கள். தமிழர் பேச்சும் அதில் உண்டு. தினமும் விடியுமுன் பஸ் ஏறி அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். எப்படிக் கேள்வி கேட்பது என்றாவது தெரியும். கேட்கும்போது பழைய ஜில்லாப் பெயரைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். பாட்டி சொல்லும் சேலம் ஜில்லா இன்று தருமபுரியாகவோ நாமக்கல்லாகவோ இருக்கலாம். திருச்சி ஜில்லா என்பது கரூராகவோ பெரம்பலூராகவோ அரியலூராகவோ இருக்கலாம். தென்னாற்காடு என்பது கள்ளக்குறிச்சியாகக்கூட இருக்கலாம். தாலுக்காவும், பக்கத்துச் சந்தை எந்த ஊரில் கூடும் என்பதும், ஊர்க் கோவில் சாமியின் பெயரும், ஆறோ ஏரியோ எது என்பதும் தெரிந்தால் பத்துப் புதூர்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம். பெரியவர்களுக்கு ஊர்ப் பெயர் மறந்தாலும் சந்தைக் கிழமை மறப்பதில்லை.

பெக்கான் நானாஸிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் கோவில் கமிட்டிகளுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த திருவிழாவுக்கு முன்னால் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிப் போடுங்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம். முதலில் பாட்டிமார் பெயர், அப்புறம் தாத்தாமார், எந்தத் தோட்டங்கள், எந்த ஊர், சயாமுக்குப் போனவர் யார். சாதி என்ற கட்டமே வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பள்ளியில் வையுங்கள். எண்பது வயது தாண்டிய ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் பெயரிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.